நீளிரவின் முழம்

ஊர்ஸ்கெலில் நீளிரவன்று
வீட்டுக்கு ஒரு முழம் கயிறு.
சட்டம் அவ்வளவுதான்.
யார் கை முழம் என்று சட்டத்தில் இல்லை.
வழக்கத்தில் இருக்கிறது:
வீட்டில் ஆகச் சிறிய கை.
பிள்ளை பிறந்த வீட்டார்
விரல் நீளத் துண்டொன்றை நீட்டிவிட்டு
ஊரையே வாங்கியதுபோல் நடந்துபோவார்கள்.

நான் சுங்கச்சாவடிக் கணக்கி.
முடிச்சுகளை எண்ணிப் பதிவதும் என் தலையில்தான்,
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

சணல், ஆட்டுரோமம், திமிங்கில நரம்பு.
துர்வேன் கொண்டுவந்தது
பாய்த்துணியில் கிழித்த ஒரு கந்தல்.
இதெல்லாம் கயிறா என்றேன்.
சூரியன் என்ன தடவிப் பார்த்தா பிடிக்கப்போகிறது என்றான்.
நானூற்றுப் பன்னிரண்டு முடிச்சு.

உறைந்த வளைகுடாவின் நடுவில்
துளை போட்டாயிற்று.
அடியாழத்தில்
கொழுத்த கடற்பசுபோல் சுருண்டு கிடக்கிறது அது,
வாயைத் திறந்தபடி.
கயிற்றின் நுனி உதட்டில் பட்டால்
கவ்விக்கொள்ளும்.
பிறகு இழுப்பது நம் பாடு.

இரண்டு நிலவும் மறைந்தபின் இறக்கினோம்.
போனது, போனது,
நின்றது.
குப்புறப் படுத்துத் துளையில் காது வைத்திருந்த ஹெஸ்கா
தலையைத் தூக்கவில்லை.
"எட்டவில்லை."
"எவ்வளவு?"
"ஒரு முழம்." கொஞ்சம் பொறுத்து,
"சின்ன முழம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
எந்தப் பக்கம் என்று தெரிந்தும்
ஏட்டை முதலிலிருந்து புரட்டினேன்.
ஓல்மிர் வீடு. மூன்று பேர்.
இலையுதிர்காலத்தில் படகோடு போனவர்கள்.
அங்கே ஆகச் சிறிய கைக்கு
வயது நான்கு.
அந்தப் பெயரை நான் அடிக்கவில்லை.
அடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்,
கயிறு அப்போதும் குட்டைதான்.

இடுப்புவாரை அவிழ்த்தான் ஒருவன்.
நாயின் கழுத்துக்கயிறு என்றாள் ஒருத்தி.
ஆகாது.
ஒரே வீட்டின் இரண்டாம் முழம்
நீரில் பட்டதும் உப்பாய்க் கரையும்,
எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.
எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒன்று வேண்டும்.

என் கக்கத்தில் இருந்தது.
ஏட்டைக் கட்டியிருந்த அரசாங்கச் சிவப்பு நாடா.

விரல் மரத்திருந்ததால் பல்லால் அவிழ்த்தேன்.
காற்று அதற்காகவே காத்திருந்ததுபோல:
உப்புத் தீர்வை, நங்கூர வரி,
ஏலத்துக்கு எழுதிவைத்த வலைகள்,
ஏழு வருடத்துப் பாக்கி
பனிமேல் உருண்டு புரண்டு
வடக்கே போயின.
பிடிக்க ஓடிய பொடியனை
அவன் அம்மா காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

நாடாவை முடிந்தேன்.
நானூற்றுப் பதின்மூன்று.
கவ்வியது.
கை எரிய இழுத்தோம்,
திட்டிக்கொண்டே இழுத்தோம்.
வந்தது கடைசியில்,
வெங்காயம் அளவு,
பாசிநாற்றத்தோடு.
கரை முழுக்கத் தும்மல்.
எங்கள் ஊர்ப் புதுவருடம் அப்படித்தான் தொடங்கும்.

மறுநாள் சாவடியைத் திறந்தேன்.
வெற்றுத்தாளில் முதல் வரி:
ஓல்மிர் வீடு, ஒரு முழம், வரவு.
மை உறைந்துபோய்
ஊதி ஊதி எழுத வேண்டியிருந்தது.

நண்பகல்வரை யாரும் வரவில்லை.
வருவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை.
பிறகு துர்வேன் வந்தான்,
தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.
"எனக்கு ஒன்பது வெள்ளி பாக்கி."
பதினொன்று.
எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.
ஒன்பது என்றே எழுதிக்கொண்டேன்.

புது நாடாவுக்குத் தலைநகரத்துக்கு எழுதியிருக்கிறேன்.
மூன்று மாதமாகுமாம்.
அதுவரை தாள்களின்மேல்
ஒரு கல்.